மேரி மேடம் ஏன் திருப்பூர் வரவில்லை

நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த பனியன் கம்பெனியில் பாதி தையல் லைன் ஓடியது ஓர் அமெரிக்க பையரின், அதாவது வாங்கும் கம்பெனியின், ஆர்டரால்தான். அவர்களுடைய குவாலிட்டி ஹெட் மேரி மேடம். மற்ற பையர்கள் வருடம் ஒரு முறையாவது ஃபேக்டரியைப் பார்க்க வருவார்கள். இவர் வரமாட்டார். நான் வீடியோ காலில் ஃபோனைத் தூக்கிக்கொண்டு கட்டிங், தையல், செக்கிங் என்று சுற்றிக் காட்டுவேன்.

முதலாளி சின்னச்சாமிக்கு அது பெரிய குறை. "ஏனுங்கம்மணி, போன தடவ வந்த அவிய ஆளுக்கு வவுத்தால போச்சே, அதச் சொல்லிப்போட்டானா?" என்பார். ஹோட்டலை மாற்றினார். சமையல்காரரையும் மாற்றினார். ஆர்டர் கைநழுவப்போகிறது என்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஒரு நாள் என் ஃபோனைப் பிடுங்கி, "மேடம், யூ கம். நோ காரம்!" என்றார்.

மேடம் சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். நான் தமிழில் சொல்லச் சொல்ல முதலாளி கேட்டார்.

மேடம் சென்னைக் காப்பகம் ஒன்றிலிருந்து மூன்று வயதில் அமெரிக்கத் தம்பதிக்குத் தத்துப் போனவர். தத்தெடுத்தாலே குடியுரிமை வந்துவிடும் என்று நினைத்து அவர்கள் விண்ணப்பிக்கவேயில்லை. தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை தரப் பின்னால் வந்த சட்டம், அதற்குள் பதினெட்டு வயதைத் தாண்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்களைப் பார்க்க வருவதற்காக பாஸ்போர்ட் கேட்டபோதுதான், தான் அமெரிக்கர் இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. வெளியே போனால் திரும்ப விடுவார்கள் என்று உறுதியில்லை என்றாராம் வக்கீல். அங்கே கணவர், இரண்டு பிள்ளைகள்.

முதலாளி முழித்தார். "மேடம் நம்மூருப் புள்ளையா? அப்ப இங்கயே இருந்துக்கட்டுமே! செக்கிங் டிபார்ட்மெண்ட்ட அப்படியே குடுத்தர்றேன்."

"அவங்களுக்கு ஊடு அங்கதானுங்க," என்றேன்.

முதலாளி டேபிளில் கிடந்த டி-ஷர்ட்டின் கழுத்தை விரித்து ஃபோனுக்குக் காட்டினார். "இதுல 'மேட் இன் இந்தியா'ன்னு போட்டிருக்குது. இத உள்ள உடறாங்க. அங்கயே வளந்த புள்ளைய உடமாட்டீங்கறாங்களா?"

மொழிபெயர்த்தேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டத்தை மாற்றச் சொல்லித் தன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது இதைச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லியும்விட்டார். அந்த உறுப்பினரும் சிரித்தாராம். சட்டம்தான் இன்னும் மாறவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பையர் வரவில்லையென்றால் நாமாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொண்டு சமையல்காரரை மாற்ற வேண்டாம். என்ன சிரமம் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

நான் ரிட்டயர் ஆன அன்று மேடம் வீடியோவில் வாழ்த்தினார். முதலாளி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "உங்களுக்கு பாஸ்போர்ட்டு கெடச்சதும் மொதல்ல இங்க வாங்க. ரிட்டர்ன் டிக்கெட் நான் போட்டுத் தர்றனுங்க," என்றார்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அவரே மேடத்துக்குப் புரியட்டும் என்று குரலை உயர்த்தி, "ரிட்டர்ன்! ரிட்டர்ன்!" என்றார்.