ராத்தாவும் கரண்ட் கம்பியின் இரைச்சலும்

எங்கள் ராத்தாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதும்படி சின்ன மாமி சொல்லியிருக்கிறார். முயல்கிறேன். ஆனால் நான் அவருடைய தம்பி, அடுத்த வீட்டுக்காரனும்கூட. எரிச்சல் வராமல் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத என்னால் ஆகாது.

ராத்தா மன்னாரில் பிறந்தார். யுத்தத்தால் ஊரைவிட்டு வந்து, புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்தபடியே இலத்திரனியல் படித்தார். கண்டக்குழியில் மணமுடித்தபின், படகுக்காரரின் வயர்லெஸ் செட்டுகளை வீட்டில் வைத்துத் திருத்திக் கொடுத்தார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், சோளகக் காற்று வீசும் ஒரு காலத்தில் அவருடைய செட்டிலேயே இரைச்சல் தொடங்கியது. கடலுக்குப் போன மச்சான், ராத்தாவின் கணவர், அங்கிருந்து பேசினால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்தி, பற்றரியில் கேட்டாலும் அதே இரைச்சல்.

"வெளியில எங்கயோ இருந்து கரண்ட் கம்பி வழியா வருது. அளந்து பாக்கணும்" என்றார் ராத்தா.

நான் வயரிங் வேலை செய்பவன். அலையைத் திரையில் காட்டும் ஒஸிலோஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கி வந்து, நேரே பிளக்கில் மாட்டப் போனேன். ராத்தா ஓடிப்போய் மெயினை நிறுத்தினார்.

"அந்தக் கிளிப் எர்த்தோட சேந்தது தம்பி. லைன்ல பட்டா வெடிக்கும்."

"பதினைஞ்சு வருஷமா வயரிங் செய்றன் ராத்தா."

"அதான் எனக்குப் பயம்."

பிறகு ஒன்பது நாள் காத்திருந்தோம். இரைச்சலை மட்டும் கடத்த, மெயின் கரண்டுக்கென்றே செய்த கொண்டென்சர் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். என் பையில் இருந்த சாதாரணமானதை அவர் தொடவே இல்லை. பியூஸ், சிறிய டிரான்ஸ்போமர், கொண்டென்சரில் தங்கும் கரண்டை வடிக்க ஒரு ரெசிஸ்டர், எல்லாவற்றையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டினார். அந்தப் பெட்டி வழியாகத்தான் அளக்க வேண்டும். தனியாக அளக்கக்கூடாது என்று என்னையும் வீடு வீடாக இழுத்தார். ஆறு வீடு, ஆறு தேத்தண்ணி. கடைசியாக என் வீடு. என் புது விளக்குகளை நிறுத்தியதும் திரையில் அலை படுத்துவிட்டது. மலிவாகக் கிடைத்ததென்று நான் பெருமையடித்த விளக்குகள்!

"பக்கத்து வீட்டை முதல்லயே பாத்திருக்கலாமே?" என்று கத்தினேன்.

"நீ வயரிங்காரன் எண்டு நம்பிட்டன். கழட்டு."

கழற்றிய மூன்றாம் நாள் பின்னேரம், செட்டில் மச்சானின் குரல் தெளிவாக வந்தது: "எஞ்சின் நிண்டிட்டு. தண்ணி ஏறுது." எந்த இடம் என்று கேட்டு, ராத்தா இரண்டு படகுகளை அனுப்பினார். மச்சானின் படகிலிருந்த மூன்று பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

இவ்வளவு கவனமான மனுசி தன் நெஞ்சு நோவை மூன்று மாதம் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால் "வாய்வு" என்று கதையை மாற்றினார். அந்த நோவே அவரைக் கொண்டுபோனது; மறைத்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இறைவன் அவரை மன்னித்து நற்பதவி தரட்டும்.

அவரை ஏற்றிக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வேனில் பறந்த அயலவருக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திய பெண்களுக்கும், எலுவன்குளத்திலிருந்து அரிசி கொண்டுவந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. செட் இப்போது என்னிடம் இருக்கிறது. கடலிலிருந்து கூப்பிடுபவர்கள் தயவுசெய்து இரண்டு தரம் சொல்லுங்கள். ராத்தாவைப்போல் ஒரே தரத்தில் விளங்கிக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை.