கொடும்பாவிக்கு இரண்டாம் ஒப்பாரி

எங்கள் மாமாவுக்குச் சங்கரன்கோவிலில் கல்யாணப் படம் எடுப்பது பிழைப்பு. சுற்றுப்பட்டு ஊர்களில் கோயில் கொடை, காதுகுத்து, எழவு என்று எது நடந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் படம் எடுப்பது கிறுக்கு. பிழைப்பைவிடக் கிறுக்கில்தான் தம்பி கெட்டி என்று அம்மா சொல்வாள். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பந்தல் மூலையில் பூக் கட்டுகிறவரின் விரல்களைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டார் திட்டுவார்கள். அவர் அதற்கும் சிரிப்பார்.

எனக்குப் பத்து வயது நடந்த அந்த வருடம், காலாண்டு விடுமுறைக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு இளையரசனேந்தல் பக்கம் பெரியம்மா ஊருக்குப் போனாள். விடுமுறை ஒரு சாக்கு. பெரியம்மா அழவில்லை என்பதுதான் காரணம். பெரியப்பா சவுதியில் வேலை செய்த இடத்தில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெட்டி வந்து சேரவே மூன்று வாரம் ஆயிற்று. வந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா பெட்டியைப் பார்த்தாள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து சோறு பொங்கினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஊரில் சிலர் அவளைக் கல்லு என்றார்கள். அம்மா மட்டும், "இவ அழுதிட்டாப் பிழைச்சுக்கிடுவா" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கோ, அழாத பெரியம்மாவை ஏன் அழவைக்கப் பார்க்கிறார்கள் என்று விளங்கவில்லை. எங்கள் வீட்டில் நான் அழுதால் அடி விழும்.

அந்தப் புரட்டாசியில் மழையும் இல்லை. புழுதியில் விதைத்த உளுந்தும் பாசியும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. ஊரில் கொடும்பாவி கட்டி இழுப்பதென்று முடிவானது. யாரோ ஒரு பாவி இருக்கிறதால்தான் மழை வர மறுக்கிறது, அந்தப் பாவி செத்தால் பெய்யும் என்பது கணக்கு. பாவி யார் என்று விசாரித்தால் ஊர் இரண்டுபட்டுவிடும் என்பதால், வைக்கோலில் ஓர் ஆளைக் கட்டி அவனையே பாவியாக்கிவிடுவார்கள். செத்தது பாவியே ஆனாலும் மரியாதையில் குறை வைக்கக் கூடாது. பாயில் கிடத்தி, மாலை போட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து முறைப்படி ஒப்பாரி வைத்து, பிறகுதான் தெருத்தெருவாய் இழுத்துப்போய் ஊர் எல்லையில் கொளுத்த வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டால் மாமா சும்மா இருப்பாரா? காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். பாவிக்கு வேட்டி, சட்டை, தலைக்கு ஒரு மண்சட்டி. சட்டியில் கரியால் மூக்கும் மீசையும் வரைந்து கண்களை மூடியிருப்பதுபோல் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். நான் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் படம் எடுத்தாலும் விழுகிறமாதிரி இடம் மாறி மாறி நின்றேன்.

பெண்கள் நன்றாகவே அழுதார்கள். அழுகைக்கு நடுவில் ஒருத்தி இன்னொருத்தியின் முந்தானையை இழுத்துச் சிரித்தாள். பெரியம்மா தன் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். ஒப்பாரி முடிந்து ஆண்கள் கயிற்றைக் கையில் எடுத்தபோது, மாமா கேமராவின் முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"போச்சு! கார்டுல ஒண்ணும் பதியல. மதினிமாரே, இன்னொரு தரம் அழுதிருங்க."

ஒப்பாரிக்கு முதல் குரல் கொடுத்த மூக்குத்தி போட்ட பெண் இடுப்பில் கை வைத்தாள். "எழவு வீட்டுல ஒன்ஸ்மோர் கேட்ட ஆளை இப்பந்தான் பாக்கேன்!"

ஊர்ப் பெரியவர் ஒருவர் கோபமாகவே கேட்டார். "ஏ தம்பி, செத்தவன் ஒருக்கத்தானவே சாவான்?"

"ரெண்டு தரம் அழுதா ரெண்டு ஒழவு மழை பெய்யட்டுமே அண்ணாச்சி" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கு மட்டும் ஆத்திரம். அத்தனை பாடுபட்டு நின்றதெல்லாம் வீண். இந்த லட்சணத்தில் ஒரு மாமா!

அவர் அதோடு விடவில்லை. "அக்கா, தலைமாட்டுல எடம் காலியாக் கெடக்கு. படத்துல ஓட்டையாத் தெரியும். சும்மா வந்து இரி. நீ அழ வேண்டாம்" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

"என்னைய எதுக்குடே இழுக்க?" என்று சொல்லிக்கொண்டேதான் அவள் வந்து உட்கார்ந்தாள்.

மறுபடி ஒப்பாரி தொடங்கியது. பெரியம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு சட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, கோணலாய்க் கிடந்த சட்டைக் காலரை நேராக்கினாள். கரி மீசையைத் தொட்டாள்.

"இப்பமாவது மொகத்தைக் காட்டுனியளே" என்றாள்.

அதன் பிறகு அவள் போட்ட சத்தத்தில் மற்ற பெண்களின் ஒப்பாரி நின்றுபோயிற்று. மூக்குத்தி போட்ட பெண் நகர்ந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குள்ளிருந்த அம்மா கையில் அரிசி ஒட்டியபடி ஓடிவந்தாள், வந்தவள் தானும் உட்கார்ந்து அழுதாள். பொழுது சாய்வதற்குள் எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவசரப்படுத்திய பெரியவர், கயிறு பிடித்தவர்களைக் கீழே உட்காரச் சொல்லிவிட்டார். பெரியம்மாதான் எல்லாரையும்விட நன்றாக நடிக்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மாமா, எடுங்க மாமா!" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் லென்சுக்கு மூடி போட்டிருந்தார்.

நாலாம் நாள் மழை வந்தது. ஒரு தடவை உழப் போதுமான ஒரே ஒரு உழவு மழைதான். இரண்டு தரம் அழுதும் இவ்வளவுதானா என்று ஊரில் குறைப்பட்டுக்கொண்டார்கள். பெரியம்மா அந்த ஈரத்தில் தன் புஞ்சைக்குப் போய் வரப்பு வெட்டினாள். வீட்டுக்கு வந்து, பசிக்கிறது என்று தானாகக் கேட்டுச் சாப்பிட்டாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நான் மாமாவை விடமாட்டேன். ஊரையே இரண்டு தரம் அழவைத்துவிட்டு ஒரு படமும் எடுக்காமல் வந்த போட்டோகிராபர் என்று நாலு பேர் முன்னால் வாருவேன். சுற்றியிருப்பவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார்.

போன மாதம், அவர் இத்தனை வருடம் எடுத்த படங்களை ஊர் வாரியாக, சடங்கு வாரியாகப் பிரித்துப் பெயர் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கொடும்பாவி படங்கள் இருந்தன. முதல் ஒப்பாரி முழுவதும் இருந்தது. சிரிக்கிற பெண்கள், பாய், மாலை, பாதிப் படங்களில் பல்லைக் காட்டிக்கொண்டு மஞ்சள் கவுனில் நான். கார்டுக்கு ஒரு கேடும் வந்திருக்கவில்லை. அடுத்த படம் மறுநாள் காலையில் எல்லையில் கிடந்த சாம்பல். நடுவில் ஒன்றுமே இல்லை.

உடனே அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்படியா மக்கா? பொறவு தானாச் சரியாயிருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அன்றைய சாயங்காலம் மறுபடி கண்முன் வந்தது. பெரியம்மா அழுது ஓய்கிறவரை மாமா கூட்டத்தை விட்டுத் தள்ளிப்போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து நின்றார். மழை வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் வானத்தை நன்றாகத் தேடிவிட்டு, "ஒரு மேகங்கூட இல்லையே மாமா" என்றேன்.