நன்றியுரையில் ஒரு குழப்படி

எங்கள் சனசமூக நிலையக் கூட்டங்களில் நன்றியுரை எப்போதும் எனக்குத்தான். பகிடி விடுகிற ஆளை வேறு எந்த இடத்திலும் நம்பி விடமாட்டார்கள். அந்த நேரம் சனத்தின் கண் வடையில் இருக்கும். நான் என்ன சொன்னாலும் சேதமில்லை.

போன வருடம் போதைப்பொருள் ஒழிப்புக் கூட்டம் வைத்தார்கள். தூள் பாவிக்கிற பெடியளின் படங்களைப் பனரில் அடித்துச் சந்தியில் கட்டுவோம் என்றார் தலைவர். கண்ணீர் அஞ்சலிப் பனர்கள் தொங்குகிற சந்தி. செத்தவர்களுக்குப் பக்கத்தில் இடமும் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா முதல்நாளே என்னிடம் வந்திருந்தார். மகன் இப்போதுதான் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். படம் ஏறினால் வீட்டுப் படலையைத் தாண்டமாட்டான் என்றார்.

"நீ ஒருக்கால் எழும்பிக் கதை தம்பி. உன்னை ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்."

ஓம் என்றேன். வீட்டில் இருக்கும்போது நான் பெரிய வீரன்.

மாற்றுக் கருத்து இருக்கிறதா என்று தலைவர் கேட்டபோது எழும்பத்தான் நினைத்தேன். எழும்பவில்லை. பதற்றத்தில் முன்னால் இருந்த சோடாவை எடுத்துக் குடித்தேன். அது பிரதம விருந்தினருடையது என்பது அவர் பார்த்த பார்வையில் விளங்கியது. அதற்குள் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறிவிட்டது. பின்வரிசையில் அக்கா மட்டும் கைதட்டவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊரில் யாருடைய பேச்சையும் குழப்பலாம், நன்றியுரையைக் குழப்புவது மரியாதையில்லை. ஒலிவாங்கியைப் பிடித்த பிறகே அது எனக்கு ஞாபகம் வந்தது. விளக்கேற்றியவருக்கு நன்றி சொன்னேன். கதிரை தந்த கோயிலுக்குச் சொன்னேன். கிளினிக்குக்குப் போகிற பெடியளுக்கும், கூட்டிக்கொண்டு போகிற தாய்மாருக்கும் நன்றி என்றேன். படம் போட்டால் அவர்கள் ஒளித்திருந்து தனியே சாவார்கள், பிறகு அதே சந்திக்கு இன்னொரு பனர் அடிக்கவேண்டும் என்பதையும் நன்றியோடு தெரிவித்துக்கொண்டேன். குரல் ஆட்டுக்குட்டியின் குரலாக இருந்தது.

"உவர் என்ன கதைக்கிறார்?" என்றார் விளையாட்டுக் கழகச் செயலாளர்.

"நன்றியுரை. இன்னும் முடியேல்லை," என்றேன்.

பாவிக்கிறவனை மறியலில் அடைக்காமல் மருந்துக்கு அனுப்பச் சொல்லி அரசாங்கத்துக்கு மகஜர் எழுதப்போகிற சபைக்கும், பனரைக் கட்டாமல் விடப்போகிற தலைவருக்கும் முன்கூட்டியே நன்றி சொல்லி இறங்கினேன். வடை ஆறிக்கொண்டிருந்ததால் பலமாகக் கைதட்டினார்கள். பிரதம விருந்தினரும் தலைவருக்குக் கைகொடுத்துப் பாராட்டினார். தலைவருக்கு வேறு வழியில்லை. பனர் விஷயத்தைப் பிறகு பார்ப்போம் என்றார். மகஜரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அதற்காக இன்றைக்கும் தலைவருக்கு அலுப்புக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரேயொரு பிழை. தாய்மாருக்கு நன்றி சொன்னபோது பதற்றத்தில் நேரே அக்காவையே பார்த்துச் சொல்லிவிட்டேன். முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது.

அடுத்த கிளினிக் நாள் காலையில் பஸ் தரிப்பிடத்தில் அக்காவின் மகன் நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடுங்கோ மாமா. தெரியாத ஆக்களுக்கும் இப்ப தெரியும். இனி ஒளிச்சுப் போற வேலை மிச்சம்," என்றான்.

சிரிக்கவில்லை. பஸ் வந்ததும் ஏறி, முன்சீற்றில் போய் இருந்தான்.