அப்பளக் குழவியும் காச்சில் கொடியும்

எழுபதுகளில் ஒரு வருஷம், திருவனந்தபுரத்தில் மியூசியக் கூடமொன்றில் இரண்டு கண்காட்சிகளை ஒன்றாக வைத்தார்கள். ஒரு சுவரில் படக்கதைப் புத்தகங்கள் வளர்ந்த கதை. எதிர்ச்சுவரில் அச்சில் எடுத்த செடிகொடிப் படங்கள். படக்கதைகள் ஆரியசாலையில் மொத்தக் கடை வைத்திருந்த ஒருவருடைய சேகரம். செடிகளில் பாதி என்னுடையவை. லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி, மேலே தாளை வைத்து அப்பளக் குழவியால் உருட்டி எடுப்பேன். அச்சு இயந்திரத்துக்குக் கரமனையில் நான் எங்கே போக?

முந்தின வருஷம் தாவரவியல் பேராசிரியர் ஒருவர், இலைக்காம்பு தப்பு என்று என் படமொன்றை எல்லார் முன்னாலும் சுவரிலிருந்து கழற்ற வைத்தார். இந்த வருஷமும் அவர்தான் பார்வையிட வருகிறார். இன்னொரு தடவை கழற்றினால் பிறகு என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் காச்சில் என்கிற வள்ளிக்கிழங்குக் கொடியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, நரம்பு நரம்பாகப் பார்த்துச் செதுக்கியிருந்தேன். இந்தத் தடவை மனுஷர் வாயைத் திறக்க முடியாது என்று கர்வமாகவே இருந்தது.

காலையில் படத்தை மாட்டிவிட்டு எதிர்ச்சுவரை வேடிக்கை பார்க்கப் போனேன்.

"என்ன, உங்க வீரன் இந்தப் பக்கத்துல மட்டும் இடது கையால வாளை வீசறான்?" என்று அங்கே நின்ற கடைக்காரரைக் கேட்டேன்.

"அதா மாமி? நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அடிச்சுட்டான். அதுகொண்டு ஆள் இடங்கையனாயிட்டான்" என்று சிரித்தார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செதுக்கியதை அச்செடுத்தால் இடம் வலமாகிவிடும்; நானோ கொடியைப் பார்த்தபடியே செதுக்கியிருந்தேன். காச்சில் வலமாகச் சுற்றி ஏறும். அதன் இனத்திலேயே இடமாகச் சுற்றுவது வேறு கிழங்கு. சுவரில் என் காச்சில் இடமாகச் சுற்றிக்கொண்டு ஜம்மென்று நின்றது.

திறப்பு சாயங்காலம். புதிதாகச் செதுக்க நேரமில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். தகட்டில் மை தடவி ஓர் அச்செடுத்தேன். அந்த மை காய்வதற்குள் அதன்மேல் இன்னொரு ஈரத்தாளைப் பரப்பிக் குழவியை உருட்டினேன். உரித்துப் பார்த்தால், கொடி வலமாகச் சுற்றியிருந்தது! மை கொஞ்சம் வெளிறியதில் தளிரின் மென்மையும் கூடவே வந்திருந்தது. சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

பழைய படத்துக்குப் பதில் இதை மாட்டி முடிக்கவும் பேராசிரியர் வந்தார். கொடியின் அடியிலிருந்து நுனிவரை காற்றில் விரலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சுற்று சரியாணு" என்றார். "இது எனிக்கு வேணும். கிளாஸ் ரூம்ல மாட்டணும்." சொல்லிக்கொண்டே படத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"கண்காட்சி முடியட்டும் சார். அதுவரைக்கும் இதைச் சுவத்துலேர்ந்து யாரும் கழட்டப்படாது" என்றேன், கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி.