அரைப்பேர்

இதை எழுதவே கை கூசுகிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, இலங்கை மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது.

எங்கள் மலைக்கு மேலே வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பு இருந்தது. சனிக்கிழமை வந்தால் இளவட்டச் சின்னத்துரைமார் காலையிலிருந்தே குடிப்பார்கள். பெண்கள் நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம். ஒரு சனிக்கிழமை, காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது, கங்காணி ராமாயியைக் கிளப்பைக் கூட்டிக் கழுவ அனுப்பிவிட்டார். ராமாயி என்னோடு கொழுந்து எடுப்பவள், இருபத்திரண்டு வயது.

மத்தியானம் கிழிந்த ரவிக்கையோடு ஓடி வந்து தேயிலைக்குள் விழுந்தாள்.

திங்கட்கிழமைப் பெரட்டில் அவளே எல்லோர் முன்னாலும் சொன்னாள். "கங்காணி அய்யா, அங்க ஒரு சின்னத்தொர என்னயக் கெடுத்துப்புட்டாங்க."

கங்காணி முகம் மாறாமல் கேட்டார். "அந்தக் கிளப்பு எப்பிடின்னு தோட்டத்துக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா? எதுக்குடி போன?"

"நீங்கதானங்க போகச் சொன்னீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் திரும்பினார். "வேலய முடிக்காம ஓடியாந்துட்டா. சனிக்கெழமைக்கு அரப்பேரு போடுங்க."

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். ராமாயி கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

இன்றும் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆனால், அங்கே ஏன் போனாள் என்றுதான் பேசுகிறார்கள். அன்று பெரட்டில் அத்தனை பேர் நின்றோம். எந்தத் துரை என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.