கலகெதரவில் தைத்த சட்டை

கெலிஓயாவில் இருபத்தாறு வருஷமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். பொம்பளைகளின் சாரிச் சட்டைதான் என் தொழில். கம்பளையிலிருந்தும் ஆள் வரும். ஆனால் என் பொஞ்சாதி நான் தைத்ததைப் போட மாட்டாள். கல்யாணம் கட்டி முதல் வருஷம் ஒன்று போட்டாள், அதோடு சரி. துணியைப் பையில் போட்டுக்கொண்டு கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கலகெதரவுக்கு இன்னொரு பஸ் ஏறுவாள். கலகெதரப் பக்கம் அவளுடைய ஊர். அங்கே நுஸ்ஹா என்று ஒருத்தி வீட்டில் மெசின் வைத்துத் தைக்கிறாள். ஒரு சட்டைக்கு அரை நாள் போய்விடும்.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"குமாரி டீச்சர்ட சட்ட நல்லா புடிச்சிருக்கே மாஸ்டர், யார் தச்சது?" என்று என் பொஞ்சாதியைச் சொல்லி, தெரிந்துகொண்டே கேட்பார்கள்.

"ஒங்க ஊட்டுலயே ஒங்கள நம்பலியே. நாங்களும் கலகெதரவுக்குப் போவமா?"

நான் மெசினை மிதிப்பேன். ஏன் என்று அவளிடம் கேட்டால், "அங்க பழகிருச்சு" என்பாள். அவ்வளவுதான். இருபத்துநான்கு வருஷம் இதை மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் தையல்காரனுக்கு இதைவிட வெட்கம் வேறு இல்லை.

அவள் பெயர் இராஜகுமாரி. ஓ.எல். சோதனை வரைக்கும் படித்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடையில் துணிகளில் குத்துகிற பேர்த்துண்டு எல்லாம் அவள் கையெழுத்து. நான் எழுதிய காலத்தில் ஒருத்தி சட்டையை இன்னொருத்திக்குக் கொடுத்துப் பெரிய சண்டையாகிவிட்டது. காலையில் முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போய்விடுவாள். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு நான் பேசுகிற மாதிரி பேசிக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாளாம். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். செய்கிற வேலையைச் செய்துகொண்டே இருப்பாள். அதுதான் எனக்குப் பயம்.

போன வருஷம் தைப்பொங்கல் முடிந்து நாலாம் நாள், கடையில் இருந்தபோது போன் வந்தது.

"சேதுராமன் மாஸ்டரா? நான் கலகெதர நுஸ்ஹா பேசுறேன்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "என்னா, இனி என் கடையையும் கலகெதரவுக்குத் தூக்கப் போறீங்களா?"

"சண்டைக்கு எடுக்கல்ல மாஸ்டர். குமாரி அக்கா ஒங்கள்ட்ட ஒண்ணும் செல்லல்லியா?"

"என்னாத்த?"

"ரெண்டு மாசமாகுது. அளவெடுக்கக்குள்ள எடது பக்கம் கைக்குழிக்கிட்ட கட்டி ஒண்டு தட்டுப்பட்டிச்சு. கிளினிக்குக்குப் போங்கண்டு சத்தியம் வாங்கினேன். நேத்து சட்ட எடுக்க வந்தாங்க. இன்னம் போவல்ல. ஒங்கள்ட்ட செல்லவும் வாணாமாம். எனக்குத் தூக்கம் வருதில்ல. நீங்க கோவிச்சாலும் பரவால்ல."

கத்திரியை வைத்துவிட்டு எழும்பினேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எடது பக்கம் என்னா?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "நுஸ்ஹா சொல்லிட்டாளா?"

"கண்டவளுக்குத் தெரியுது. எனக்கு ஏன் சொல்லல?"

"ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது," என்றாள். அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் தீபாவளி. நான் தைத்த சட்டை அவளுக்கு அக்குளில் பிடித்தது. கொஞ்சம் பிரித்துவிட முடியுமா என்று கேட்கக் கடைக்கு வந்திருக்கிறாள். பிரிப்பதற்கு உள்ளே துணி இல்லை. என் பழக்கம் அது. மற்ற மாஸ்டர்மார் தையலுக்கு உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள், பிறகு தளர்த்துவதற்கு. நான் கோட்டோடு வெட்டிவிடுவேன். கையில் நம்பிக்கை இல்லாதவன்தான் உள்ளுக்குத் துணி விடுவான் என்று பெருமை பேசித் திரிந்த வயது. அன்றைக்குக் கடையில் நாலைந்து பொம்பளைகள் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நான் சொன்னேனாம்: "துணியில பிழை இல்ல. ஒடம்புலதான் பிழை." எல்லாரும் சிரித்தார்களாம்.

"கட்டி கையில பட்டதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு," என்றாள். "ஒடம்புல பிழைன்னு நானே ஒங்கக்கிட்ட வந்து சொல்லணுமா?"

அவள் சோற்றை வடிக்கும் வரைக்கும் அடுப்படியிலேயே நின்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டியில் ஊசி குத்திச் சோதிக்கச் சதை எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் மூன்று சட்டையைத் தப்பாக வெட்டினேன். கேன்சர்தான் என்று வந்தது. மாசியில் இடது மார்பை எடுத்தார்கள். பொம்பளைகள் வார்டில் ஆம்பளை பார்வை நேரத்தில்தான் போகலாம். பன்னிரண்டு மணிக்குக் கேற் திறக்கும். நான் பத்தரைக்கே போய் நின்றுகொண்டிருப்பேன். நுஸ்ஹா இரண்டு பஸ் மாறி வந்து அவளைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டாள். மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று தலைக்குக் கட்ட மெல்லிய துணியில் ஸ்காப் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். நான் நன்றி சொல்லுமுன் அதைத் திருப்பித் தையலைப் பார்த்தேன்.

"மாஸ்டர், பாஸா பெயிலா?" என்றாள் நுஸ்ஹா.

"நேராத்தான் இருக்கு," என்றேன். கட்டிலில் கிடந்த குமாரி காயத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் முதலில் இரத்தம் எடுப்பார்கள். வெள்ளை அணு குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் எத்தனையாவது வரியைப் பார்க்க வேண்டும் என்று படித்துக்கொண்டேன். எடுத்த பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். யாராவது மறந்து குத்திவிட்டால்? சிவப்புத் துணியில் ஒரு பட்டி தைத்து அந்த மணிக்கட்டில் கட்டிவிட்டேன். சிங்கள நர்ஸ் மிஸ் ஒருவர் பார்த்துவிட்டு, "லஸ்ஸனய் மாஸ்டர்," என்றார். அழகாக இருக்கிறதாம். எனக்கு அழகு வேண்டியதில்லை, அந்தக் கையை விட்டால் போதும் என்று இருந்தது.

தாளிக்கிற மணம் அவளுக்கு ஆகாது. நான்தான் கஞ்சி காய்ச்சினேன்.

"கஞ்சியையும் கோட்டோட வெட்டிட்டீங்களா? ஒரு வாய்க்குத்தான் இருக்கு," என்பாள். அந்த ஒரு வாயும் இறங்காது.

ஐந்தாவது மருந்துக்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றால் ஒரு மணித்தியாலமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது கட்டளை. அன்றைக்குக் கண்டியில் பெரஹரா ஊர்வலம். நாங்கள் கண்டியை நெருங்கும்போதே ரோட்டை மூடிவிட்டார்கள். த்ரீவீலை ஒதுக்கச் சொல்லி பொலிஸ் கையைக் காட்டியது. இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டு சனம். அவள் உடம்பு என் தோளில் நெருப்பாகக் கொதித்தது. கிளினிக் கொப்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தெரிந்த சிங்களத்தில் கத்திக்கொண்டே போனேன். சனம் பாயைச் சுருட்டி வழிவிட்டது. இரண்டு இடத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பிடியே கொஞ்சம் இருந்து யானையப் பாத்துட்டுப் போவமா?" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "எழும்பு புள்ள," என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்ச மருந்தும் ஏற்றினார்கள். அறுத்த இடத்துக்கு மெசினில் கதிர் பிடிப்பதும் மார்கழியில் முடிந்தது. தலையில் பஞ்சு மாதிரி முடி வந்தது. முன்பள்ளிக்குத் திரும்பப் போகலாம் என்று இருந்தாள். அப்போதுதான் இடது கை வீங்கியது. எடுத்த பக்கத்தில் அப்படி வருமாம். கலகெதரச் சட்டை ஒன்றிலும் அந்தக் கை நுழையவில்லை. அலுமாரியில் இருந்த பதினேழையும் போட்டுப் பார்த்தாள். மடித்து வைத்துவிட்டு கவுனோடு வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கலகெதரவுக்குப் போக அந்தக் கையால் முடியாது. தைத்துத் தரட்டுமா என்று நானாகக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

போன மாதம் இருமல் தொடங்கியது. சாதாரண இருமல் என்றாள். கிளினிக்கில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பிறகு பெரிய மெசினில் போட்டு இன்னொரு படம். டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செவ்வாய்க்கிழமை வாங்க. படத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம்," என்றார். நோய் திரும்பி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதா இல்லையா என்பதுதான் அந்தப் படத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் கடையில் மெசினை மெதுவாக மிதிக்கிறேன். பின்னால் அவள் இருமுவது கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் பயம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஆள் இல்லை. குமாரி கடைக்குள் வந்தாள். கையில் மாம்பழக் கலரில் ஒரு துணி. வாடிக்கைக்காரி மாதிரி எனக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தாள்.

"சட்ட ஒண்ணு தைக்கணும்," என்றாள்.

"அளவு சட்ட?"

"இப்ப ஒண்ணும் அளவு இல்ல. ஒடம்புலயே எடுங்க."

கடைக் கதவைப் பாதி சாத்தினேன். டேப்பை எடுத்து வலது பக்கத்திலிருந்து தொடங்கினேன். இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன்.

"அங்க ஊசி ஒண்ணும் இல்ல. டேப்ப வைங்க."

"வலிக்குதா?"

"கூசுது."

நெஞ்சுச் சுற்று முப்பத்துமூன்று. பழைய சட்டையெல்லாம் முப்பத்தெட்டு. வலது கை பதினொன்று, இடது பதினாலு. எழுதப் போனேன். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க எழுதுனா ஒங்களுக்கே வெளங்காது."

"பஞ்சு வச்சு ரெண்டு பக்கமும் சமமாத் தைக்கவா?"

"வேணாம். இருக்கிற மாதிரி தைங்க."

"எப்ப வேணும்?"

"செவ்வாக்கெழமைக்கு. டாக்டர் என்னா சொன்னாலும் கவுனோட இருந்து கேக்க மாட்டேன்."

இருமினாள். நிற்கும் வரைக்கும் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு துணியை மேசையில் விரித்துச் சோக்கை எடுத்தேன். அவள் எழும்பி வந்து, நான் கோடு போட இருந்த இடத்துக்கு வெளியே தன் இரண்டு விரலை வைத்தாள்.

"உள்ளுக்கு இவ்வளவு துணி விட்டுத் தைங்க," என்றாள். "ஒடம்பு வச்சா பிரிச்சுவிடணும்."