பஜார் பள்ளிக்கூடம்

எங்கள் குடும்பத்தில் அண்ணன் சொல்லுக்குத் தம்பி மறுசொல் சொல்வதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, இருந்தாலும் அப்படித்தான். பெரியப்பா ஒன்று சொல்வார், அப்பா "சரிண்ணே" என்பார். திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் தொடங்கியதும் பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா இரண்டு வேட்டியோடு வண்டியேறிவிட்டார். நாலைந்து வருஷம் கழித்துக் குடும்பத்தைக் கூட்டிவரச் சொன்னார். நானும் அம்மாவும் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கினோம். அம்மாவுக்கு இதில் தீராத எரிச்சல். "ஒங்கப்பா ஒரு வாயில்லாப் பூச்சி. நாளைக்கு ஒங்க பெரியப்பா கடல்ல குதின்னா, எந்தப் பக்கமா குதிக்கணும்ண்ணேன்னு கேப்பாரு" என்பாள்.

நான் எட்டாம் வகுப்பை ஊரில் முடித்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பை எங்கே படிப்பது என்பதுதான் அந்த மே மாதம் முழுக்க வீட்டில் பேச்சு. பெரியப்பாவிடம் அதற்கும் பதில் தயாராக இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு ஹாஸ்டல். ஊரிலிருந்து கூட்டி வந்ததே திரும்ப ரயிலேற்றத்தானா என்று அம்மா அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பைத் தவிர வேறு யாரிடமும் அவளால் அதைக் கேட்க முடியாது.

பெரியப்பாவுக்குப் பிரச்சினை பள்ளிக்கூடம் அல்ல, பேச்சு. அவர் மகன், என் அண்ணன்காரன், சென்னையிலேயே வளர்ந்தவன். ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியவர் ஒருவர் சாப்பாடு எப்படி என்று விசாரித்ததற்கு "சோக்கா கீது தாத்தா" என்று சொல்லிவிட்டான். பந்தி முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து அந்தக் 'கீது'வை நினைத்தாலே பெரியப்பாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது போல் முகம் மாறிவிடும். பையன் அப்படிப் பேசினால் சிரித்துவிட்டுப் போவார்கள், பெண்பிள்ளை பேசினால் எவன் கட்டுவான் என்பது அவர் கேள்வி. அதனால் தன் மகளையும் சிறுவயதிலேயே அந்த ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எனக்கு அக்கா.

அந்த விடுமுறைக்கு அவள் வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் எல்லோரும் பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்துபோய் அடுக்களை வாசலில் நின்றாள். "அம்மா, தண்ணி எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள். பெரியம்மா எடுத்துக்கோ என்ற பிறகுதான் உள்ளே காலை வைத்தாள். குடித்தாள், தம்ளரைக் கழுவினாள், கவிழ்த்து வைத்தாள். பெரியப்பாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஹாஸ்டல் வளர்ப்பு எப்படி இருக்கிறது பார் என்று அப்பாவிடம் காட்டினார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். அப்பா மட்டும் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் பெரியப்பா கடையிலிருந்து சீனி மூட்டையோடு சேர்ந்து ஒரு டிரங்குப் பெட்டியும் வந்து இறங்கியது. பச்சை நிறம், பூட்டு சாவியோடு. அதை எங்கள் ஒற்றை அறையில் எங்கே வைத்தாலும் காலில் இடித்தது. அம்மா அதில் என் துணிகளை அடுக்குவாள், மறுநாள் வெயில் படவில்லை என்று ஒன்றிரண்டை வெளியே எடுத்துக் கொடியில் போடுவாள், மணலி ஆலைப் பக்கத்துக் காற்றில் அதில் கரி படியும், திரும்பத் துவைப்பாள். பெட்டி நிறையவே இல்லை. எனக்கு ஹாஸ்டலுக்குப் போக மனசே இல்லை. அம்மா பக்கத்தில் இல்லாமல் நான் படுத்ததே கிடையாது. பதினான்கு வயதாகிவிட்டதே, அதை வெளியே சொல்லக் கூச்சம். பெட்டிக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வேன்.

பெரியப்பா கொடுமைக்காரர் இல்லை. இங்கேயே ஒழுக்கமான பள்ளிக்கூடம் இருந்தால் விசாரி, ஆனால் நம் ஆட்களின் பிள்ளைகள் படிக்கிற இடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஜூன் பிறந்ததும் ரயில் என்று அப்பாவுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார். அப்பாவும் விசாரித்து வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று கன்டெய்னர் லாரி போகிற ரோட்டில் இருக்கிறது. ஒன்றில் பையன்களும் சேர்ந்து படிக்கிறார்கள். இன்னொன்றின் வாசலில் பிள்ளைகள் 'இன்னா, இன்னா' என்று பேசுவதைப் பெரியப்பாவே போகிற வழியில் கேட்டிருக்கிறார். எல்லாம் தள்ளுபடி. மே மாதம் தேய்ந்துகொண்டே வந்தது.

மிச்சமிருந்தது எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுதான். கீழ்வீட்டு அக்காவின் மகள் அங்கேதான் படித்தாள். கீழ்வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்காரம்மா. கணவருக்கு ஹார்பரில் வேலை, பிறந்து வளர்ந்ததெல்லாம் ராயபுரம். ஒரு காலை அவர் படிக்கட்டடியில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா தண்ணீர்க் கேனைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அந்தப் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டார். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"அதுவா அண்ணாச்சி? அய்ய, அது ஒரே பேஜாரு" என்றார் அவர். அதற்குள் உள்ளே குக்கர் விசில் அடித்தது. மீன்கையோடு உள்ளே ஓடிவிட்டார்.

அப்பா கேனை மறுபடி தூக்காமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். எனக்கும் அந்தச் சொல் பஜார் என்றுதான் காதில் விழுந்தது. வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டை வூடு என்கிறவர்கள் பஜாரைப் பேஜாரு என்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நானும் அப்பாவோடு கடைக்குப் போனேன். பெரியப்பா கல்லாவில் இருந்தார். அவர் கல்லாவை விட்டு எழுந்தால் லட்சுமியும் கூடவே எழுந்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை, அதனால் எதையும் போய்ப் பார்க்க மாட்டார், யாராவது வந்து சொல்ல வேண்டும். அப்பா சாக்கு ஓரமாக நின்று சொன்னார்.

"பக்கத்துலயே ஒரு பள்ளிக்கூடம் இருக்குண்ணே. பொம்பளப் பிள்ளைங்க மட்டும். ஒரே பஜாருங்காவ."

கல்லாவுக்குள் இருந்த பெரியப்பாவின் கை நின்றது. எங்கள் ஆட்களிடம் பஜார் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் சரி, பஜார் இருந்தால் அங்கே நம் ஊர்க்காரன் ஒருவன் தராசு பிடித்துக்கொண்டிருப்பான் என்று உடனே முகம் மலரும். "நம்ம ஆளுவ பிள்ளைங்களா படிக்கி?" என்று கேட்டார்.

"பஜார்னா வேற யாருண்ணே இருப்பா?" என்றார் அப்பா.

பெரியப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "அப்ப சேத்துரு" என்றார்.

அடுத்த நாளே சேர்க்கப் போனோம். இரண்டு மாடி, மஞ்சள் சுண்ணாம்பு, உள்ளே ஒரு பூவரச மரம். எதிரே ஒரு பஞ்சர் கடை, ஒரு தையல்காரர், அப்புறம் ஆளில்லாத சுவர். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பஜார் எங்கேப்பா என்று கேட்டேன். அப்பாவும் சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூட வாசலில் ஓர் அம்மா கவிழ்த்த கூடைமேல் தட்டு வைத்து மாங்காய் கீறி மிளகாய்த்தூள் தடவி விற்றுக்கொண்டிருந்தார். "இதுதான்" என்று அவரைக் காட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை. உள்ளே போய்ப் பெரிய டீச்சரிடம் என் டி.சி.யைக் கொடுத்தார், ஒன்பதாம் வகுப்பில் என் பெயர் ஏறியது.

உண்மை தெரிய எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவள் கணக்கு டீச்சர் உள்ளே வருவதைப் பார்த்து, "வந்துட்டாங்கபா, இனிமே ஒரே பேஜாரு" என்று முணுமுணுத்தாள். டீச்சர் எப்படி பஜார் ஆவார் என்று கேட்டேன். அவள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் சொன்னாள், பேஜாரு என்றால் தொல்லை, இம்சை, தலைவலி. அப்பா தப்பாகக் கேட்டு, தப்பாகச் சொல்லி, என்னைச் சேர்த்திருக்கிறார். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் மறுபடியும் பெட்டி.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா காதுக்கு இது போகவே கூடாது என்று முடிவு செய்தோம். அப்பாவிடமும் சொல்ல வேண்டாம், பாவம், இப்படி ஏமாந்துவிட்டோமே என்று மனசு கஷ்டப்படுவார் என்றாள் அம்மா. அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

கட்டிக் காத்தது காலாண்டுப் பரீட்சை வரைக்கும்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் பெரியப்பா அபூர்வமாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கீழ்வீட்டு அக்கா சுண்டல் கொடுக்க மேலே வந்தார். பெரியப்பா மரியாதையாக, உங்கள் பெண்ணும் அந்த பஜார் பள்ளிக்கூடம்தானாமே என்று விசாரித்தார்.

"பஜாரா? அங்க ஏது பஜாரு?" என்றார் கீழ்வீட்டு அக்கா. "அண்ணாச்சி கேக்க சொல்லோவே சொன்னேனே, ஒரே பேஜாருனு. அந்தப் பெரிய டீச்சரு உடவே மாட்டாங்கோ. புள்ள லேட்டா போனா நம்மள இட்டாந்து நிக்க வச்சிடுவாங்கோ. பொண்ணுங்க நல்லாதான் படிச்சிகினு கீது, நமக்குதான் பேஜாரு."

அவர் சுண்டலை வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரியப்பா சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷம், அவருக்குப் பேஜாரு தெரியாதா என்ன. அப்பா தரையைப் பார்த்தபடி, "எனக்கு பஜார்னுதாண்ணே கேட்டுச்சு" என்றார். பெரியப்பா மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். எழுந்துபோய் மூடியைத் திறந்தார். உள்ளே அரிசி. எலித்தொல்லை என்று அம்மா எப்போதோ அதில் அரிசியைக் கொட்டி வைத்திருந்தாள். பெரியப்பா அரிசியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "கூறுகெட்ட பய. இவனை நம்பி நான் சரக்கை லைனுக்கு அனுப்புதேனே" என்றார். பிள்ளை காலாண்டும் எழுதிவிட்டாள், இனி எங்கே மாற்ற, கிடக்கட்டும் என்று சுண்டலை எடுத்துக்கொண்டார். நான் மொட்டைமாடிக்கு ஓடிப்போய் அழுதேன். சந்தோஷத்துக்குக்கூட அப்படி அழுகை வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு அது குடும்பக் கதையாகிவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் பெரியப்பா அதைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார். அப்பாவுக்கு 'பஜார்' என்றே பெயர் விழுந்தது. சின்னப் பிள்ளைகள்கூட "பஜார் சித்தப்பா" என்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே இலை போடுவார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். நல்லவர், ஆனால் வெகுளி, காதும் கொஞ்சம் மந்தம் என்று அப்பாவைப் பற்றி நான் முடிவு கட்டியிருந்தேன்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒருநாள் லோடு ஆட்டோவுக்கு உதவி ஆள் வரவில்லை. நான் வருகிறேன் என்று அப்பாவோடு ஏறிக்கொண்டேன். லைன் என்றால் சின்னக் கடைகளுக்குச் சரக்குப் போடுவது. அப்பாவின் வேலை வருஷக்கணக்காக அதுதான். மாத்தூரில் இரண்டு கடை போட்டுவிட்டு எம்.கே.பி. நகருக்கு வந்தோம். அங்கே ஒரு பெட்டிக்கடை அம்மா, போன வாரம் போட்ட பிஸ்கட் எல்லாம் நொறுங்கல் என்று சண்டைக்குத் தயாராக இடுப்பில் கைவைத்து நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது, வாயில்லாப் பூச்சி என்ன பண்ணப்போகிறாரோ என்று. அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கி, கடைப் பலகைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"இன்னாக்கா நீ, காலங்காத்தால பேஜாரு பண்ணிகினு கீற? ஒடஞ்சத எட்த்து வையி, மாத்திக் குட்த்துட்டுப் போறேன்."

எனக்கு முதலில் பேசியது யார் என்றே புரியவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டார். என்னைப் பார்த்து, "உன் நைனா எப்பவும் இப்டிதாம்மா. நான் கடை போட சொல்லோவே வந்துகினு இருந்தாரு. நீ அப்போ ஊர்ல இருந்தியாமே" என்றார்.

ஆட்டோ கிளம்பியது. வீட்டிலும் பெரியப்பாவிடமும் ஊர்த்தமிழைத் தவிர வேறு பேசாத மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சாத்தாங்காட்டுப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, நாங்களும் நின்றோம். "அப்பா, அப்ப ஒங்களுக்கு அது தெரியுமா?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க அக்கா அன்னைக்குத் தண்ணிக்குக் கேட்டுட்டு நின்னாள்லா" என்றார். கொஞ்சம் கழித்து, "அண்ணன்கிட்ட சொல்லிராத பிள்ள" என்றார். வரிசை நகர்ந்தது.

அக்கா தண்ணீருக்குக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் வீடு, அவள் அம்மா, அவள் வீட்டுக் குடம். அன்று பெரியப்பா வீட்டிலிருந்து வந்தவுடன் நான் செய்ததும் நினைவுக்கு வந்தது. எனக்கும் அந்த மாதிரிப் பாராட்டு வேண்டியிருந்தது. எங்கள் அடுக்களை வாசலில் போய், அக்கா நின்ற மாதிரியே கையைக் கட்டி நின்று, "அம்மா, தண்ணி எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன். அம்மா இதென்னட்டி புதுசா என்று சிரித்தாள். உள்ளே இருந்த அப்பா எழுந்து வந்தார். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் மரியாதையைப் பார்த்து அப்பாவுக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டே அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.